ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்குய்யா ஜீரோ டவுன்டைம்?

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி அதிகம். அதுவும் சாதா ஆணி இல்ல, பழைய சுவத்துலேர்ந்து புடுங்கி, மாட்டியிருக்குற படம் ஆடாம, புது சுவத்துல அடிக்கணும்ங்கிற ரக ஆணி.

முன்குறிப்பு: இது தொழில்நுட்பப் பதிவு மாதிரி ஆரம்பிக்கும். பயந்து ஓடிடாதீங்க. கவிதை எழுதுற மக்களும் தைரியமா படிக்கலாம். நடுவுல ஒரு ரெண்டு மூணு பத்தி மட்டும் கொஞ்சம் கடுக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டு தாண்டிடுங்க.

போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு. எங்க டேமேஜர் ஒரு கஸ்டமருக்கு அனுப்பினது, எனக்கு ஒரு நகல். "உங்கள் மெய்நிகர் கணினிகள் அனைத்தும் புதிய நிர்வாக சர்வருக்கு மாற்றப்படும். டவுன்டைம் பூஜ்யம். பணி நேரம் இரவு 2 மணி முதல் 5 மணி வரை." படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. ஒண்ணுமே நிக்காதுன்னா எதுக்கு ராத்திரி ரெண்டு மணி? காலையில பதினோரு மணிக்கு, காபி குடிச்சுட்டு, எல்லாரும் சீட்ல இருக்கும்போது பண்ணலாமே? ராத்திரி ரெண்டு மணின்னு எழுதின அந்தக் கைக்கே முன் வரியில எழுதின பூஜ்யத்து மேல நம்பிக்கை இல்லைன்னுதானே அர்த்தம்?

இதைத்தான் இந்தப் பதிவுல புலம்பப் போறேன்.

சரி, மேட்டர் புரியாதவங்களுக்கு ஒரு சின்ன பாடம். ஒரு பெரிய இரும்புப் பொட்டி. அதுக்குள்ள ஈஎஸ்எக்ஸ்ஐ மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டா, ஒரே பொட்டியில இருபது முப்பது மெஷின் இருக்கிற மாதிரி ஓட்டலாம். இந்தப் பொய் மெஷின்தான் விஎம். தாங்கி நிக்கிற இரும்புப் பொட்டிக்கு ஹோஸ்ட்னு பேரு. ஹோஸ்ட் ஒண்ணு ரெண்டுன்னா நேரா போய் பாத்துக்கலாம். பத்து பதினஞ்சு ஆனா மேய்க்க ஆள் வேணும். அந்த மேய்ப்பன்தான் வீசென்டர். 2003ல விஎம்வேர் கம்பெனி வெளியிட்டப்போ அதுக்குப் பேரு விர்ச்சுவல்சென்டர். 

நிறைய பேர், தொழில்ல இருக்கறவங்களும்கூட, வீசென்டர் செத்தா எல்லாம் செத்துடும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. பஸ் ஸ்டாண்டுல ஒரு கூண்டுக்குள்ள டைம் கீப்பர் உக்காந்திருப்பாரே, அவருதான் வீசென்டர். அவரு டீ குடிக்கப் போயிட்டா ஓடிட்டிருக்கிற பஸ் நடுரோட்டுல நிக்குமா? நிக்காது. வண்டி ஓடும், டிக்கெட் கிழிப்பாங்க, ஜனங்க ஏறி இறங்குவாங்க. புதுசா ட்ரிப் போடுறது, ஒரு வண்டி ஜனத்தை இன்னொரு வண்டிக்கு மாத்துறது, இதுதான் முடியாது. ஒரு ஹோஸ்ட் செத்தா அதுல இருந்த மெஷினை வேற ஹோஸ்ட்ல எழுப்புற ஹெச்.ஏ வேலைகூட வீசென்டர் இல்லாம நடக்கும். ஹோஸ்டுகளே தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கும். 

ஆக, டைம் கீப்பரை மாத்துறதுக்கு பஸ்ஸை நிறுத்தத் தேவையே இல்லை. இந்த அளவுல டேமேஜர் சொன்னது சரிதான்.

எப்படி மாத்துறது? ரெண்டு வழி.

முதல் வழி, ஹோஸ்டையே தூக்கி புது வீசென்டர்ல சேக்குறது. பழைய வீசென்டர்ல ஹெச்.ஏ-வை அணைக்கணும். தானா மெஷினை இடம் மாத்துற டிஆர்எஸ்ஸை அணைக்கக் கூடாது, மேனுவலுக்கு மாத்தணும் (அணைச்சா ரிசோர்ஸ் பூல் எல்லாம் காத்துல போயிடும். அதுல ஒருத்தர் அழுதது எனக்குத் தெரியும்). அப்புறம் ஹோஸ்டை டிஸ்கனெக்ட் பண்ணி, புது வீசென்டர்ல ஐபி, பாஸ்வேர்டு குடுத்தா, "இந்த ஹோஸ்டை ஏற்கெனவே வேற ஒருத்தர் நிர்வாகம் பண்றாரு, பரவாயில்லையா?"ன்னு கேக்கும். பரவாயில்லைன்னு சொன்னா வந்துரும். உள்ள ஓடிட்டிருக்கிற மெஷினுக்கு முதலாளி மாறினதே தெரியாது. 

அழகா இருக்குல்ல? வினை நெட்வொர்க்ல இருக்கு. 

பெரிய இடங்கள்ல டிஸ்ட்ரிப்யூட்டட் ஸ்விட்ச்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான ஒரே ஸ்விட்ச், ஆனா அதோட ஜாதகம் வீசென்டர் கையில. ஹோஸ்டை மட்டும் பேத்து எடுத்தா, மெஷின் தொடர்ந்து பேசிட்டுத்தான் இருக்கும், ஏன்னா ஹோஸ்ட் ஒரு நகல் வெச்சிருக்கு. ஆனா அந்த நகலுக்கு சொந்தக்காரன் இல்ல. அதனால முறையா பண்றவங்க, ஹோஸ்ட்ல இருக்கிற ரெண்டு நெட்வொர்க் கேபிள்ல ஒண்ணை உருவி, ஹோஸ்டுக்குள்ளயே ஒரு சாதா ஸ்விட்ச் கட்டி, அதுல அதே விலேன் நம்பர்களோட போர்ட் குரூப் போட்டு, மெஷினை எல்லாம் அதுக்கு மாத்தி, அப்புறம் ரெண்டாவது கேபிளையும் கொண்டு வந்து, அதுக்கப்புறம்தான் ஹோஸ்டை நகத்துவாங்க. புது வீட்டுக்குப் போனதும் இதே கூத்தைத் தலைகீழா. 

ரெண்டு கேபிளையும் எல்ஏசிபி போட்டு ஒண்ணா முடிஞ்சு வெச்சிருந்தா இன்னும் விசேஷம். சாதா ஸ்விட்சுக்கு எல்ஏசிபி தெரியாது. அப்போ நெட்வொர்க் டீம் ஆளையும் ராத்திரி எழுப்பணும். அவரு வேற கனவுல இருப்பாரு.

ரெண்டாவது வழி, ஹோஸ்ட் அங்கயே இருக்க, மெஷினை மட்டும் வீமோஷன்ல ஓட ஓடத் தூக்குறது. ஒரு வீசென்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு வீமோஷன் பண்றது 2015ல வந்த வீஸ்பியர் 6.0ல ஆரம்பிச்சது. ஆனா திரையில கிளிக் பண்ணி செய்ய ரெண்டு வீசென்டரும் ஒரே எஸ்எஸ்ஓ குடும்பமா இருக்கணும். இல்லேன்னா ஸ்கிரிப்ட் எழுதணும், இல்ல விஎம்வேர் ஆளுங்க தனியா போட்டிருந்த ஒரு இலவசக் கருவியைப் புடிச்சுக்கணும். 2020 டிசம்பர்ல வந்த 7.0 அப்டேட் 1சி-யிலதான் அந்தக் கருவியை உள்ளயே சேத்தாங்க. உறவே இல்லாத வீசென்டர்லேர்ந்தும் மெஷினை இழுத்துக்கலாம்னு ஆச்சு. 

இந்த வீமோஷன் வேலை செய்யுற விதம் எனக்கு இன்னிக்கும் அதிசயம்தான். ஓடிட்டிருக்கிற மெஷினோட மெமரியைப் பக்கம் பக்கமா அடுத்த ஹோஸ்டுக்கு அனுப்புறாங்க. அனுப்புற நேரத்துல மெஷின் சும்மா இருக்குமா, அனுப்பின பக்கத்துலயே புதுசா எழுதும். அப்போ எழுதின பக்கத்தை மட்டும் திரும்ப அனுப்பு. அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கும், அதையும் அனுப்பு. இப்படி சுத்தி சுத்தி மிச்சம் ரொம்பச் சின்னதா ஆனதும், ஒரு கணம் மெஷினை அப்படியே உறைய வெச்சு, கடைசித் துணுக்கை அனுப்பி, அந்தப் பக்கம் எழுப்பி விட்டுடுறாங்க. எழுந்ததும் புது ஹோஸ்ட் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி, "இந்த மெஷின் இனிமே இந்தப் போர்ட்ல"ன்னு சொல்லிடும். ரொம்ப வேகமா எழுதுற மெஷினா இருந்தா, பிடிக்க முடியலைன்னா, அதோட ப்ராசசரையே லேசா மெதுவாக்கி வழிக்குக் கொண்டு வருவாங்க. 

2005ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கோபன்ஹேகன்காரங்களோட சேர்ந்து ஸென்-ல இதே வித்தையைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. அதுல சோதனைக்கு எடுத்துக்கிட்டது என்ன தெரியுமா? க்வேக் 3 விளையாட்டு சர்வர்! ஆட்கள் சுட்டுக்கிட்டு இருக்கும்போதே சர்வரை இடம் மாத்தி, நின்ன நேரம் 60 மில்லிசெகண்ட்னு காட்டினாங்க. கண் இமைக்கிறதைவிட குறைச்சல். அந்தக் கட்டுரையை முதல்ல படிச்சப்போ ஆராய்ச்சி பண்ணா இப்படிப் பண்ணணும்டான்னு தோணுச்சு :-)

கவனிங்க, அவங்களே பூஜ்யம்னு சொல்லலை. 60 மில்லிசெகண்ட்னுதான் சொன்னாங்க. அளந்து சொன்னாங்க. பூஜ்யம்ங்கிறது நம்ம விற்பனை ஆளுங்க கண்டுபிடிச்சது. ஆரியபட்டா வழி வந்தவங்க இல்லையா, ஹி ஹி.

நிற்க. இப்போ 2021க்குப் போவோம். 

அப்போ நாங்க பராமரிச்ச ஒரு இடத்துல 14 ஹோஸ்ட், இருநூத்துச் சொச்சம் மெஷின். விண்டோஸ்ல ஓடுற பழைய 6.5 வீசென்டர். விண்டோஸ் வீசென்டருக்கு 6.7தான் கடைசி, 2020ல வந்த 7.0லேர்ந்து அப்ளையன்ஸ் மட்டும்தான்னு ஆகிப் போச்சு. பழசை அப்படியே மாத்தித் தர ஒரு கருவி இருக்கு. ஆனா அந்த வீசென்டர் இருந்த நிலைமை, பழைய வீட்டைப் பெயிண்ட் அடிச்சுக் குடி போற மாதிரி. யாரோ எப்பவோ வெச்ச பேரு, வேலையை விட்டுப் போன ஆளுங்களோட அனுமதிகள், வீங்கிப் போன டேட்டாபேஸ். புதுசா ஒண்ணு கட்டி, ஹோஸ்டை ஒவ்வொண்ணா கொண்டு போயிடலாம்னு முடிவு. மூணு ராத்திரி. எல்லாம் ரெண்டு மணிக்கு.

முதல் ராத்திரி என்னோட திருவிளையாடல். சாதா ஸ்விட்ச்ல ஒரு போர்ட் குரூப்புக்கு 124னு விலேன் நம்பர் போடணும். தூக்கக் கலக்கத்துல 142னு போட்டுட்டேன். அதுல இருந்த மூணு மெஷின் நாலு நிமிஷம் ஊமை. நல்ல வேளை எதுவும் முக்கியமான மெஷின் இல்லை. பகல்ல பண்ணியிருந்தா அந்தத் தப்பைப் பண்ணியிருக்கவே மாட்டேன்னு சத்தியமா சொல்ல முடியாது. ஆனா பக்கத்துல உக்காந்திருக்கிற ஒருத்தன் "மச்சி, 124 தானே?"ன்னு கேட்டிருப்பான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்துல யாரும் இல்லை, ஏசி சத்தம் மட்டும்தான்.

ரெண்டாவது, மூணாவது ராத்திரி அமோகம். 12 ஹோஸ்ட் புது வீட்டுக்கு வந்தாச்சு. மிச்சம் ரெண்டு ஹோஸ்ட்ல ஒரு பழைய ஸ்டோரேஜ் சிக்கல், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு பழைய வீசென்டர்லயே விட்டோம். திங்கட்கிழமை டேமேஜர் மெயில் போட்டாரு, "ஜீரோ டவுன்டைம் சாதிக்கப்பட்டது". எனக்கும் ஒரு பாராட்டு. என்னோட நாலு நிமிஷம் அதுல இல்லை. நானும் வாயைத் திறக்கலை, அதையும் இங்க சொல்லிடணும்.

மெஷின் எதுவும் நிக்கலை. ஆனா வந்து சேராதது எத்தனைன்னு அடுத்த ரெண்டு வாரத்துலதான் தெரிஞ்சுது. டைம் கீப்பரோட நோட்டுப் புத்தகம் பழைய கூண்டுலயே தங்கிப் போச்சு. யாருக்கு எந்த மெஷின்ல என்ன அனுமதி, போச்சு. ஃபோல்டர் அமைப்பு, போச்சு. டேக், கஸ்டம் ஆட்ரிபியூட்ல "இது நிதித்துறை, அணைக்காதே"ன்னு எழுதி வெச்சது, போச்சு. (ஆனா நோட்ஸ் பெட்டியில எழுதினது மட்டும் மெஷினோட ஃபைல்லயே இருக்கிறதால பத்திரமா வந்துருச்சு. அதனால முக்கியமானதை நோட்ஸ்ல எழுதுங்க மக்கா.) மூணு வருஷ செயல்திறன் வரைபடம், போச்சு. பேக்கப் மென்பொருள் மெஷினைப் பேரை வெச்சு அடையாளம் பாக்குறதில்லை, வீசென்டர் உள்ளுக்குள்ள குடுக்குற ஒரு எண்ணை வெச்சுப் பாக்குது. அந்த எண் மாறினதால எல்லாத்தையும் புது மெஷின்னு நினைச்சு, முதல்லேர்ந்து முழு பேக்கப் எடுக்க ஆரம்பிச்சு, வியாழக்கிழமை டிஸ்க் நிறைஞ்சு மூச்சு முட்டிருச்சு. 

இதெல்லாத்தையும்விட கமுக்கமானது இன்னொண்ணு. "இந்த ரெண்டு மெஷினும் ஒரே ஹோஸ்ட்ல இருக்கக் கூடாது"ன்னு டிஆர்எஸ் விதி போட்டு வெப்பாங்க. ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தணும்னு ஜோடியா வெச்ச மெஷின்களுக்கு. அந்த விதியும் வீசென்டர் சொத்துதான். அது வரலைன்னு எந்த எச்சரிக்கையும் வராது. என்னிக்கோ ஒரு நாள் ரெண்டும் ஒரே ஹோஸ்ட்ல போய் உக்காந்துக்கும், அந்த ஹோஸ்ட் சாகுற அன்னிக்குத்தான் தெரியும். நாங்க ஏதோ புண்ணியத்துல அதுக்கு முன்னாடியே பாத்துட்டோம்.

ஆனா ஒண்ணைப் பாக்கலை. 

பதினோராவது நாள். காலை ஒன்பதே கால். அந்த இடத்துல ஒரு மருத்துவமனையோட மெஷின்களும் இருந்துச்சு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போடுற மென்பொருள் அதுல ஒண்ணு. லேப்லேர்ந்து போன். ரிப்போர்ட் சில சமயம் திறக்குது, சில சமயம் சுத்திக்கிட்டே இருக்குது. பிங் போட்டுப் பாத்தா பத்துல ஆறு வருது, அப்புறம் எட்டு வருது, அப்புறம் மூணு. மெஷின்ல உள்ள போய்ப் பாத்தா ப்ராசசர் சும்மா, மெமரி சும்மா, கொட்டாவி விட்டுட்டு இருக்கு. 

நாப்பது நிமிஷம் மண்டையை உடைச்சப்புறம் நெட்வொர்க் ஆள்தான் கண்டுபிடிச்சாரு. "பாஸ், ஒரே மேக் அட்ரஸ் ரெண்டு போர்ட்ல மாத்தி மாத்தித் தெரியுது" (மேக்னா ஆப்பிள் மேக் இல்லைங்க, நெட்வொர்க் கார்டோட வீட்டு எண்).

நடந்தது இதுதான். வீசென்டர்தான் மெஷினுக்கெல்லாம் மேக் எண் குடுக்கும். முதல் மூணு ஜோடி எப்பவும் 00:50:56. நாலாவது ஜோடி, 0லேர்ந்து 63க்குள்ள அந்த வீசென்டருக்கு இருக்கிற சொந்த அடையாள எண்ணை வெச்சு வரும். மிச்ச ரெண்டு ஜோடிதான் மெஷினுக்கு மெஷின் மாறும். எதெல்லாம் குடுத்தாச்சுன்னு அந்த வீசென்டர் கணக்கு வெச்சுக்கும். நாங்க ஹோஸ்டைப் பேத்து எடுத்ததும் பழைய வீசென்டர் என்ன நினைச்சுது? "இந்த மெஷின் நம்மகிட்ட இல்லை, அப்போ இந்த எண் காலி." அன்னிக்குக் காலையில எங்க டீம் பையன் ஒருத்தன், மிச்சமிருந்த ரெண்டு ஹோஸ்ட்ல சோதனைக்குன்னு புதுசா ஒரு மெஷின் உருவாக்கினான். பழைய வீசென்டர் அந்தக் காலி எண்ணை எடுத்து அவனுக்குக் குடுத்துருச்சு. அந்த எண்ணுக்குச் சொந்தக்கார மெஷின் புது வீட்டுல அதே எண்ணோட, அதே விலேன்ல உயிரோட ஓடிட்டிருக்கு. ஒரே கதவு எண்ல ரெண்டு வீடு. தபால்காரர் பாதியை இங்க போடுறாரு, பாதியை அங்க போடுறாரு.

அந்தப் பையன் மேல ஒரு தப்பும் இல்லை. பழைய கடையில இனிமே யாரும் புது மெஷின் போடாதீங்கன்னு நாங்க யாருமே சொல்லலை. பூஜ்யம் சாதிச்ச கொண்டாட்டத்துல இருந்தோம். (மெஷினை வீமோஷன்ல கொண்டு போனா, இந்த எண்ணைத் திரும்பக் குடுக்காதேன்னு பழைய வீசென்டரே குறிச்சு வெச்சுக்கும். ஹோஸ்டோட பேத்துக்கிட்டு வந்தா அந்தக் குறிப்பு கிடையாது.)

புது மெஷினை அணைச்சதும் எல்லாம் சரியாப் போச்சு. மொத்தம் அம்பது நிமிஷம். 

மத்தியானம் நேர்ல மன்னிப்புக் கேக்கப் போனேன். லேப் பொறுப்பாளர் ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "தம்பி, எங்களுக்குக் கம்ப்யூட்டர் இல்லாம ஓட்டத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன். பாதி நாள் பேப்பர்லதான் ஓட்டினேன். வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு எழுபது பேர் உக்காந்திருக்காங்க, ஆடுது நிக்குதுன்னு தெரியாமதான் கஷ்டம். நின்னு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேப்பரை எடுத்திருப்போம்." 

நான் நடந்ததைச் சொன்னேன். பதினோரு நாள் முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு மாத்தினோம் மேடம், யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னுதான்... அந்தம்மா பாத்த பார்வை இருக்கே. "ரெண்டு மணிக்கா? ராத்திரி இங்க ஒரே ஒரு டூட்டி பொண்ணுதான் இருப்பா. வர்றதெல்லாம் எமர்ஜென்சி கேஸ். அப்போ நின்னிருந்தா அவ யாரைக் கூப்பிடுவா? எங்ககிட்ட கேட்டிருந்தா மத்தியானம் மூணு மணின்னு சொல்லியிருப்பேனே, அப்போதான் கூட்டம் இருக்காது."

ராத்திரி ரெண்டு மணிங்கிறது கஸ்டமருக்கு வசதியான நேரம்னு நாங்களா நினைச்சுக்கிட்டது. எங்க கூட்டத்துல யாரும் லேபுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலை. பூஜ்யம்னு சொல்லிட்டா அப்புறம் யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டியதில்லை பாருங்க. என்னோட மெயின் கோபமே இதுதான். "பத்து நிமிஷம் நிக்கும்"னு சொன்னா, எப்போ நிறுத்தலாம், நின்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஒரு பேச்சு ஆரம்பிக்கும். "நிக்காது"ன்னு சொன்னா அந்தப் பேச்சே கிடையாது.

அந்த அம்பது நிமிஷம் எந்தக் கணக்குல போச்சு தெரியுமா? "நெட்வொர்க் கோளாறு", தனி டிக்கெட். மாற்றத்தோட அறிக்கையில இன்னிக்கும் பூஜ்யம்தான் இருக்கு.

இப்படி எழுதினா உடனே சிலர் கேப்பாங்க, அப்போ நீ வீமோஷனுக்கு எதிரியான்னு. ஐயா, நான் அதோட ரசிகன். ஹோஸ்டுக்கு ஒட்டு போடணுமா, மெமரி குச்சி மாத்தணுமா, பட்டப்பகல்ல மெஷினை எல்லாம் பக்கத்து ஹோஸ்டுக்கு நகத்திட்டு வேலையைப் பாக்குறேன். அந்த வித்தை வந்ததால எங்க எத்தனை ஞாயித்துக்கிழமை மிச்சமாச்சுன்னு எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. 

எனக்குப் புரியாதது, ஒரு மெஷின் நிக்கவே கூடாதுன்னு அடம் பிடிக்கிறது. இதே மெஷின்களை ஹெச்.ஏ-வை நம்பித்தானே விட்டிருக்காங்க? ஹோஸ்ட் திடீர்னு செத்தா ஹெச்.ஏ என்ன பண்ணும்? மெஷினை வேற ஹோஸ்ட்ல மொதல்லேர்ந்து பூட் பண்ணும். அது வீமோஷன் இல்லை, சாதா ரீபூட். சொல்லாம கொள்ளாம வர்ற ரீபூட்டைத் தாங்கும்னு கையெழுத்துப் போட்டவங்க, சொல்லிட்டு வர்ற ரீபூட்டைத் தாங்காதுன்னு ஏன் குதிக்கணும்? நிஜமாவே ஒரு நொடிகூட நிக்கக் கூடாத சேவைன்னா அதை ரெண்டு மூணு மெஷின்ல பிரிச்சு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கிற மாதிரி மென்பொருளைக் கட்டணும். ஒத்தை மெஷினை மந்திரம் போட்டுக் காப்பாத்துறது அதுக்கு பதில் கிடையாது. அதிலயும் ஒரு குசும்பு, ஜோடி போட்ட டேட்டாபேஸ் கிளஸ்டர் சிலது இதயத் துடிப்பை ரொம்ப டைட்டா வெச்சிருக்கும். பெரிய மெஷினை வீமோஷன் பண்ணும்போது அந்த ஒரு கண உறைவைப் பாத்துட்டு "ஐயோ ஜோடி செத்துருச்சு"ன்னு அலறி மாறிக்கும். பூஜ்யம் பண்ணப் போய் ஒப்பாரி.

பயப்பட வேண்டியது நிக்கிற மெஷினுக்கு இல்லை, ரொம்ப நாளா நிக்காத மெஷினுக்கு. ஆயிரம் நாள் ஆச்சு ரீபூட் பண்ணி, பாரு எவ்வளவு ஸ்டெடின்னு ஒருத்தர் என்கிட்ட பெருமைப்பட்டாரு. ஆயிரம் நாளா கெர்னலுக்கு ஒட்டு போடலைன்னுதான் எனக்குக் காதுல விழுந்துச்சு. அப்படி ஒரு மெஷினைப் பின்னால வேற காரணத்துக்கு ரீபூட் பண்ணப்போ அது எழுந்துருச்சு, அதுல ஓட வேண்டிய சேவை எழலை. யாரோ புண்ணியவான் அதைக் கையால ஸ்டார்ட் பண்ணி விட்டிருந்தாரு, தானா கிளம்பப் பதிவே பண்ணலை. என்ன கமாண்டுன்னு அவருக்குத்தான் தெரியும், அவரு வேலையை விட்டுப் போயி வருஷமாச்சு. 

இது இப்போ ஏன் முக்கியம்னா, 2023 நவம்பர் 22ஆம் தேதி பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடிச்சாங்க. அடுத்த மாசமே ஒரு தடவை வாங்கினா காலத்துக்கும் வெச்சுக்குற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திட்டு சந்தாவுக்கு மாத்திட்டாங்க. அதுலேர்ந்து பாதிப் பேர் வேற வீடு தேடிட்டு இருக்காங்க. 2024 ஏப்ரல்ல வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8.2ல ஈஎஸ்எக்ஸ்ஐ-லேர்ந்து மெஷினை நேரா இழுத்துக்குற வசதி வந்துச்சு. நல்ல வசதி. ஆனா பழைய பக்கம் மெஷினை அணைச்சுட்டுத்தான் இழுக்கணும். டேட்டா முழுசா வர்றதுக்குள்ளயே புதுப் பக்கம் எழுப்பி விடலாம், அதனால நிக்கிற நேரம் சில நிமிஷமா குறையும். பூஜ்யம் ஆகாது. ஒரு வீட்டுக்குள்ள கட்டிலை நகத்துறது வேற, ஊர் மாறிப் போறது வேற.

பத்து வருஷமா நிக்காது நிக்காதுன்னு சொல்லிக் குடுத்தவங்களுக்கு இப்போ "பதினஞ்சு நிமிஷம் நிக்கும்"னு சொல்ல வாய் வர மாட்டேங்குது. கேக்குறவங்களுக்கும் பழக்கமில்லை. ஒரு கூட்டத்துல பதினஞ்சு நிமிஷத்துக்கு மூணு மாசம் பேச்சு வார்த்தை நடந்துச்சு, நான் சும்மா சொல்லலை.

அந்த மருத்துவமனையும் போன வருஷம் மாறுச்சு. இந்த தடவை முதல் போனே லேப் அம்மாவுக்குத்தான். இப்போ அக்கான்னுதான் கூப்பிடுறேன். "புதன்கிழமை மூணு மணிக்கு வெச்சுக்க தம்பி. திங்கள் வேணாம், செவ்வாய் சர்க்கரை கிளினிக். ரெண்டே முக்காலுக்கே பேப்பர் எடுத்து வெச்சிருவோம்." மூணு மணிக்கு அணைச்சோம். டீம்ல எல்லாரும் முழிச்சிருந்தோம், நெட்வொர்க் ஆள் பக்கத்து சீட். மேக் எண் பட்டியல், அனுமதிப் பட்டியல், ஜோடி விதிகள் எல்லாம் பேப்பர்ல அச்சடிச்சு ஒண்ணொண்ணா டிக் அடிச்சோம். 

பதினெட்டு நிமிஷம் நின்னுச்சு. அதுக்குள்ள வந்தது எட்டு ரிப்போர்ட். டூட்டி பொண்ணு கையால எழுதிக் குடுத்துட்டு, மூணரை மணிக்கு மேல உக்காந்து எட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினா. அறிக்கையில "டவுன்டைம்: 18 நிமிடம்"னு நானே எழுதினேன். டேமேஜர் அந்த வரியை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு.

டிஸ்கி 1: புது வீசென்டர்ல மெஷினை இழுக்கும்போது பாதி மெஷின் அடம் பிடிச்சா, முதல்ல சிடி டிரைவைப் பாருங்க. எவனோ என்னிக்கோ மாட்டின ஐஎஸ்ஓ ஃபைல் இன்னும் தொங்கிட்டு இருக்கும். என் அனுபவத்துல பத்துக்கு ஏழு தடவை அதுதான்.

டிஸ்கி 2: விடிபிஎம் மாட்டின மெஷின் இருந்தா, பழைய வீசென்டர்ல இருக்கிற சாவியை முதல்ல பேக்கப் எடுத்து புதுசுல ஏத்திட்டு அப்புறம் மெஷினைத் தொடுங்க. சாவியைப் பழைய வீட்டுல வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டு எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணாதீங்க. எடுக்க மாட்டேன் :-)